துரியோதனன் குதிகால்

முனிகிருஷ்ணன் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியை யாராவது மறைந்திருந்து பார்த்தால், பாவம், இந்த மனிதரின் வலது காலில் ஆணி ஏறிவிட்டது என்று நினைப்பார்கள். வாயைக் கோணிக்கொள்வார். ஒரு கையால் சுவரைப் பிடிப்பார். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் எம்பி எம்பிக் கொல்லைக் கதவு வரைக்கும் போவார். கதவைத் தாண்டியதும் நொண்டல் பாதியாகிவிடும். மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது ஒன்றுமே இருக்காது. போனவர் வேறு, கைவீசித் திரும்பி வருகிறவர் வேறு என்று தோன்றும்.

வம்பே அங்கேதான். வலி என்று ஒன்று வந்தால் அது ஒழுங்காக நாள் முழுக்க வலிக்க வேண்டும். படுக்கையில் கிடக்க வேண்டும், நாலு பேர் வந்து பார்க்க வேண்டும், ஹார்லிக்ஸ் பாட்டில் வர வேண்டும். கொல்லை வரைக்கும் இருந்துவிட்டு மாட்டைக் கண்டதும் ஓடிப்போகிற வலியை யார் மதிப்பார்கள்?

“வேஷம் கட்டாதய்யா,” என்பாள் அவர் மனைவி தாட்சாயணி. “கதவு வரைக்கும் நொண்டற, மாட்டாண்ட போனா நல்லா நடக்கற. மாடு இன்னா டாக்டரா?”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சத்தியவேட்டிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால், ஏறும்போதே லேசாக ஒரு காலை இழுத்து ஏறுவது முனிகிருஷ்ணனின் நீண்ட நாள் பழக்கம். இரக்கப்பட்டு எவராவது எழுந்துவிடுவார்கள். ஒரு வருஷம் வேர்க்கடலைக்குக் களையெடுக்கப் பயந்து, பாம்பு கடித்துவிட்டது என்று துண்டால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் விழுந்தார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். டீக்கடை பக்கம் போனதும் எழுந்து உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னார். தூக்கி வந்தவர்களில் ஒருவன் தாட்சாயணியின் தம்பி ரமணா. அன்று முதுகில் பிடித்துக்கொண்டதை இன்று வரைக்கும் சொல்லிக் காட்டுவான். அப்படிப்பட்டவருக்குத்தான் சாமி பார்த்து, நிஜமாகவே நொண்டுகிற மாதிரி ஒரு வலியைக் கொடுத்து, அதையும் யாரும் நம்பாத மாதிரி செய்து அனுப்பியிருந்தது.

வரதய்யபாளையத்துக்குப் பக்கத்து ஊர் அது. தமிழில் திட்டி, தெலுங்கில் பஞ்சாயத்து பேசி, இரண்டிலும் சமாதானம் ஆகிற ஊர். முனிகிருஷ்ணன் விவரம் தெரிந்த நாளிலிருந்து சேற்றிலும் புழுதியிலும் வெறுங்காலோடு நடந்தவர். இருந்த நிலம் பங்கு பிரிந்து, ஏர் திரும்ப இடமில்லாத துண்டாகச் சுருங்கிய பிறகு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பெட்டி மடித்து டேப் ஒட்டுகிற பேக்கிங் வேலை. வெயில் இல்லை, மழை இல்லை, கேன்டீனில் சாப்பாடு. உட்கார நாற்காலிதான் இல்லை. சிமெண்டுத் தரையில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்றாக வேண்டும். காலில் கம்பெனி கொடுத்த ஷூ, அடி முழுக்கக் கட்டை. வீட்டுக்கு வந்தால் தேய்ந்து தேய்ந்து குதிகால் பக்கம் ஓட்டை விழுந்த ரப்பர் செருப்பு. கேன்டீன் சாப்பாட்டில் வயிறு வேறு அவருக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்திருந்தது. இவ்வளவு பாரத்தையும் தாங்கச் சொன்னால் குதிகால் என்ன செய்யும், பேசத் தெரியாத உறுப்பு, குத்திக் காட்டியது.

வலியின் குணத்தை அவர் சீக்கிரம் படித்துக்கொண்டார். நடந்துகொண்டே இருந்தால் சும்மா இருக்கும். உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்ளும். அதனால் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து நின்றதும் நொண்டுவதைப் பார்த்தால் இதுவும் வேஷம் என்பார்கள், எல்லோரும் இறங்கட்டும் என்று கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அதே கம்பெனியில் வேறு பிரிவில் வேலை பார்க்கிற ரமணாவும் அவரோடு உட்கார்ந்திருப்பான்.

“நீ எறங்கு மச்சான்.”

“பெரியவங்க மொதல்ல எறங்குங்க மாமா.”

“பர்வாலேது, போடா.”

“நான் ஷூ கயிறு கட்டிக்கினு வரேன். நீ போ.”

டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் இந்த மரியாதை நடக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மாமன் மச்சானுக்குள் இப்படி ஒரு மரியாதையை யாரும் பார்த்ததில்லை.

வைத்தியத்துக்கு ஊரில் பஞ்சமா? செங்கல்லைச் சுட்டு, அதன் மேல் எருக்கிலையை வைத்து, குதிகாலால் மிதி என்றார்கள். மிதித்தார். சூடு இதமாகத்தான் இருந்தது. மறுநாள் ஆர்வம் மிகுந்து செங்கல்லை இன்னும் கொஞ்சம் சுட்டதில் கொப்புளம் வந்தது. கொப்புளம் ஆறியது, வலி அங்கேயே இருந்தது. புத்தூர் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் போனார். அவர் குதிகாலை இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, கட்டுக்கு வேலையில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

“ஒரு சின்னக் கட்டாவது போட்டு அனுப்புங்க சாமி,” என்று முனிகிருஷ்ணன் கெஞ்சினார். “வூட்ல நம்ப மாட்டேங்கிறாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படி நம்ப ஒரு ஆள் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தவர், ஒரே சாயங்காலத்தில் யாரும் நம்பிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். தர்மராஜா கோயில் திருவிழாவுக்காகக் கூட்டம் போட்ட சாயங்காலம் அது.

அந்தத் திருவிழாவில் இரவெல்லாம் நடக்கிற பாரதக் கூத்தை வெளியூர்க் கூத்துக்காரர்கள் ஆடுவார்கள். ஆனால் கடைசி நாள் காலையில் நடக்கிற படுகளம் மட்டும் உள்ளூர் ஆட்களுடையது. வயலில் மண்ணைக் குழைத்து, லாரி நீளத்துக்கு ஒரு துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டின துரியோதனன் அந்த மண் உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். பீமன் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துவான். முடிவில் மண் தொடையில் புதைத்து வைத்த பானையைப் பீமன் உடைக்க, குங்குமம் கரைத்த தண்ணீர் பீறிடும். துரியோதனன் சாய்வான். பெண்கள் துடைப்பத்தோடு வந்து அவனை அடிப்பார்கள். முதல் அடி அவனுடைய சொந்தப் பெண்டாட்டி கையால் விழ வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். தாட்சாயணி ஒரு வருஷம்கூட அந்த அடியை லேசாகப் போட்டதில்லை.

துரியோதனன் வேஷம் முனிகிருஷ்ணனின் நைனா கட்டியது. அவருக்குப் பிறகு முனிகிருஷ்ணன். பீமன் ரமணா. ஓட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. துரியோதனன் பிடிகொடுக்காமல் ஓடி, திரும்பி நின்று பழித்து, மறுபடி ஓட வேண்டும். ஊரே அவனைத் திட்டும். பல்லில்லாத கிழவிகூட மண்ணை வாரித் தூற்றுவாள். வருஷம் முழுக்க சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிற முனிகிருஷ்ணனுக்கு, திட்டும் வாங்கி அதற்குக் கைத்தட்டலும் வாங்குகிற நாள் அது ஒன்றுதான். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாட்களில் அவர் பெட்டி மடித்தார்.

கூட்டத்தில் பவன்குமார் எழுந்தான். போலீஸ் செலக்‌ஷனுக்காகத் தினமும் விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடுகிற பையன். பனியனுக்கு வெளியே தெரிகிற அளவுக்கு உடம்பு.

“முனிகிருஷ்ணன் மாமாவுக்கு வயசாய்ப்போச்சி. போன வருசம் ஓடுனத எல்லாரும் பாத்தீங்க. இந்த வருசம் நான் கட்டறன்.”

முனிகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் ரமணா உட்கார்ந்தபடியே துள்ளினான். “துரியோதனன்னா எங்க மாமாதான். வேற எவன் கட்டினாலும் நான் கதையத் தொட மாட்டன்.”

முனிகிருஷ்ணன் வாயைப் பிளந்தார். போன மாதம்தான் வைக்கோல் போர் விஷயத்தில் இருவரும் ஒருவர் வம்சத்தை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவனுக்கு எதற்கு இவ்வளவு பாசம்? யோசித்துப் பார்த்து, என்னை அடிப்பதில் பயலுக்கு அவ்வளவு ருசி என்று முடிவு கட்டினார்.

கோயில் பெரியவர்கள் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். இந்த வருஷம் முனிகிருஷ்ணனே கட்டட்டும். ஓட்டத்தில் தொய்வு தெரிந்தால் அடுத்த வருஷத்திலிருந்து வேஷம் பவன்குமாருக்கு.

அன்று வீட்டுக்குத் திரும்பிய முனிகிருஷ்ணன், தன்னை நம்பாத பெண்டாட்டியைக் கொடுத்ததற்காக தர்மராஜாவுக்கு மனதார நன்றி சொன்னார். ஊரில் யாராவது நொண்டலைப் பார்த்துக் கேட்டால் அவளே, “அதெல்லாம் வேஷம்,” என்று சொல்லி அனுப்பிவிடுவாள் அல்லவா.

ஆனால் ஊரை ஏமாற்றலாம், குதிகாலை ஏமாற்ற முடியாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினார். இந்தத் தடவை சீட்டுக்காக நொண்டவில்லை. நொண்டினால் பவன்குமார் காதுக்குப் போய்விடும். மலைப்பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், முன்பே எடுத்து வைத்திருந்த எக்ஸ்ரேயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால்வலிக்குப் பயிற்சி சொல்லித் தருகிற ரூபா என்கிற பெண்ணின் கிளினிக்குக்குப் போனார்.

“கூர்ச்சோண்டி அன்னா,” என்று தெலுங்கில் உட்காரச் சொன்னாள் ரூபா. அவர் பெயரையும் ஊரையும் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டாள். “நடந்து காட்டுங்க.”

நடந்து காட்டினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்ததால் ராஜநடையாக இருந்தது. முனிகிருஷ்ணனுக்கு அழுகையே வந்தது. இங்கேயும் நம்ப மாட்டார்கள்.

“இப்ப வலி தெரியாதும்மா. உக்காந்து எழுந்தாதான்...”

“தெரியும். கொஞ்ச நேரம் உக்காருங்க. நானே வந்து எழுப்பறேன்.”

உட்கார வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாள். திரும்பி வந்து எழச் சொன்னபோது முனிகிருஷ்ணன் முதல் அடியிலேயே மேஜையைப் பிடித்தார். “இதுதான்,” என்று அவள் தலையாட்டினாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷி நம்பினாள். அவளுக்குக் கோயில் கட்டலாமா என்று அவருக்குத் தோன்றியது.

வீக்கம் உண்டா, மரத்துப்போகிறதா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். குதிகாலின் உள்பக்கத்தில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவர் நாற்காலியிலிருந்து எழும்பிக் குதித்தார்.

“குதிகால் எலும்புலேர்ந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை இருக்குதன்னா. நாள் பூரா கெட்டித் தரையில நின்னு நின்னு அது புண்பட்டுக் கெடக்குது. ராத்திரி அது சுருங்கிக்கும். காலையில நீங்க எழுந்து ஒரே மிதியா மிதிக்கறீங்க, வெடுக்குனு இழுபடுது. கொஞ்சம் நடந்தா தளர்ந்துரும். அதான் மாட்டுக்கிட்ட போனா வலி போயிடுது.”

“அப்ப மாடு டாக்டரு இல்ல.”

“இல்ல.”

எக்ஸ்ரேயில் குதிகாலுக்குக் கீழே முளை மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டி, இதை வெட்டி எடுக்க வேண்டுமா என்று பயந்து கேட்டார். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றாள். ஊசியும் கத்தியும் வேறெதற்கும் அடங்காதவர்களுக்கு. முதலில் செய்ய வேண்டியது இதுதான்: கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, முட்டி மடியாமல், குதிகால் தரையைவிட்டு எழும்பாமல், சுவரைத் தள்ளுகிற மாதிரி நிற்க வேண்டும். கெண்டைக்கால் இறுகிக் கிடந்தாலும் அந்தப் பட்டையைத்தான் இழுக்கும். சாயங்காலத்தில் ஐஸ் கட்டின தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டலாம். ஷூவுக்குள் மெத்தென்று குதிகாலுக்கு ஒன்று வைக்க வேண்டும். ஓட்டைச் செருப்பைத் தூக்கி எறிய வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது. வயிறும் கொஞ்சம் குறைந்தால் குதிகால் சந்தோஷப்படும்.

“எத்தினி நாள்ல போவும்?”

“மாசக்கணக்குல ஆகும். ஆனா போகும். ஓடறது கீடறது உண்டா?”

“வருசத்துக்கு ஒரு தபாதான். பீமன் தொரத்துவான்.”

ரூபா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முழுக் கதையும் கேட்டு முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, சிரித்ததில்.

“உழுத மண்ணு பர்வாலேது. ஆனா அசையாம உக்காந்திருந்துட்டு சட்டுனு எழுந்து ஓடாதீங்க. அது மட்டும் ஆகாது.”

முனிகிருஷ்ணன் முகம் விழுந்தது. துரியோதனன் செய்வதே அதுதானே. போருக்குப் பயந்து மடுவில் ஒளிந்திருப்பான். வயலில் பள்ளம் வெட்டி, அதற்குள் அவனைக் குந்த வைத்து வேப்பிலையால் மூடிவிடுவார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் அசையக் கூடாது. முடிந்ததும் சட்டென்று எழுந்து ஓட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தாட்சாயணி கையை நீட்டினாள். “லட்டு எங்க?”

“கூட்டம். கெடைக்கல.”

“திருப்பதி போய் லட்டு இல்லாம வந்தவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்,” என்றவள் பையில் இருந்த குதிகால் மெத்தையை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். துண்டு, சுவர், பாட்டில் எல்லாவற்றையும் இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “வேஷத்துக்கு டாக்டரு வேறயா,” என்று எழுந்து உள்ளே போனாள்.

முனிகிருஷ்ணன் விடாமல் செய்தார். வலி முன்னைப்போல் கத்தவில்லை, முணுமுணுக்க ஆரம்பித்தது. அதற்குள் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரைக்கும் காலில் செருப்பு ஆகாது. கம்பெனிக்கு லீவு போட்டதில் சிமெண்டுத் தரை ஒழிந்தது. ஆனால் வெறுங்கால் வந்து சேர்ந்தது. பூசாரி கங்கையாவிடம் நைசாகப் போய், சலங்கை உறுத்துகிறது, பாதத்தில் துணி சுற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“செருப்புதாண்டா ஆவாது. துணிக்கு இன்னா?”

துணிக்குள்ளே மெத்தை இருக்கலாமா என்று முனிகிருஷ்ணன் கேட்கவில்லை. கங்கையாவும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படுகளத்தன்று வயல் நிறைந்துவிட்டது. தூரத்தில் குடிபாலாவில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூடப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். முகத்தில் சிவப்பு, தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், பாதத்தில் துணி, துணிக்குள் ரகசியம். இந்தக் கோலத்தில் முனிகிருஷ்ணன் பள்ளத்துக்குள் குந்தினார். மேலே வேப்பிலை விழுந்தது. பீமனான ரமணா எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலியில் கதையை மடியில் வைத்துக்கொண்டு வீராவேசமாக உட்கார்ந்திருந்தான். கூத்து வாத்தியார் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பாடினதையே திரும்பப் பாடினார். வேறு ராகத்தில் பாடினார். அன்பளிப்புக் கொடுத்தவர்களுக்கெல்லாம் வாழ்த்துப் பாடினார். பள்ளத்துக்குள் முனிகிருஷ்ணனின் கால் பட்டை நிமிஷத்துக்கு நிமிஷம் சுருங்கிக்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இடுப்பில் கட்டியிருந்த பட்டுத் துணியை அவிழ்த்துப் பாதத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தார். வேப்பிலை ஆடியது.

“துரியோதனன் நடுங்கறான், பாருங்க,” என்று ஒரு கிழவி கத்தினாள். கூட்டம் ஊளையிட்டது.

ஒருவழியாக மேளம் இறங்கி அடித்தது. இலையை விலக்கிக்கொண்டு எழுந்தார். முதல் அடி வைத்தார். கண்ணில் நட்சத்திரம் பறந்தது. ஓடுவதாவது? நிற்க முடிந்தால் போதும். கூட்டத்தின் முன்வரிசையில் பவன்குமார் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நைனா கட்டிய வேஷம் இந்த இடத்தில் கைநழுவிப் போகப்போகிறது என்று முனிகிருஷ்ணனுக்குத் தெரிந்தது. தப்பிக்க என்ன வழி என்று பார்த்தபோது எதிரே, தன்னுடைய மண் உடம்பே மலை மாதிரி கிடந்தது. சுவர்.

இரண்டு எட்டில் அதை அடைந்து, மண் தொடையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார். வலது காலைப் பின்னால் நீட்டினார். முட்டி மடியவில்லை. குதிகால் எழும்பவில்லை. தலையைக் குனிந்து தள்ளினார்.

ஊளை நின்றது. அப்படி ஒரு அடவை யாரும் பார்த்ததில்லை. கூத்து வாத்தியார் அனுபவசாலி. என்ன நடக்கிறதென்று புரியாவிட்டாலும் வாய் சும்மா இருக்காது. “அழியப்போகும் தன் தொடையை அரவக் கொடியோன் தொட்டழுதான்” என்று அந்த நிமிஷமே கட்டி ஒரு வரி பாடினார். மண்ணை வாரி வைத்திருந்த கிழவிகள் கையைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

பீமன் வந்தாக வேண்டுமே. ரமணா நாற்காலியிலிருந்து எழுந்தான். முதல் அடி வைத்தான். வாயைக் கோணினான். கதையை ஊன்றிக்கொண்டு, குதிகால் படாமல் எம்பி எம்பி வந்தான்.

முனிகிருஷ்ணன் குனிந்த தலையோடு அந்த நடையைப் பார்த்தார். அது அவருடைய நடை. கொல்லைக் கதவு வரைக்குமான நடை. பஸ்ஸில் கடைசியாக இறங்கினவன், கட்டியிருந்த ஷூ கயிற்றையே மறுபடி கட்டினவன், துரியோதனன்னா எங்க மாமாதான் என்று துள்ளினவன், எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பவன்குமார் ஓடினால் இவன் எப்படித் துரத்துவான்? பாசமாம் பாசம்.

பீமன் கதையை ஓங்கிக்கொண்டு பக்கத்தில் வந்ததும், துரியோதனன் உதடு அசையாமல் பேசினார். “எந்தக் காலு?”

“எடது,” என்றான் பீமன், கர்ஜிக்கிற பாவனையில்.

“கதையக் கீழ போடு. எம்பக்கத்துல நின்னு தள்ளு. முட்டிய மடக்காத.”

ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பீமனும் துரியோதனனும் தோளோடு தோள் நின்று மண் துரியோதனனைத் தள்ளினார்கள். ஒருவர் வலது காலை நீட்டி, ஒருவன் இடது காலை நீட்டி. பங்காளிகள் கடைசியாக ஒருமுறை ஒன்று சேர்ந்தார்கள் என்று வாத்தியார் உருகினார். பெண்கள் பக்கத்தில் அழுகைச் சத்தம் எழுந்தது. மேளக்காரன் என்ன அடிப்பதென்று தெரியாமல் மெதுவாகத் தட்டினான்.

“உட்டுச்சா?” என்றார் துரியோதனன்.

“உட்டுச்சி மாமா.”

“அப்ப தொரத்து.”

ஓடினார்கள். மண் இதமாக இருந்தது. துணிக்குள் மெத்தை இருந்தது. முனிகிருஷ்ணன் தலைமாட்டில் திரும்பி நின்று பழித்தார், கால்மாட்டில் நாக்கை நீட்டினார், ரமணா மூச்சிரைத்தபோது அவனுக்காகக் கொஞ்சம் நின்றும் கொடுத்தார். அழுத கிழவிகளே மறுபடி மண்ணை வாரித் தூற்றினார்கள். பானை உடைந்தது, சிவப்புத் தண்ணீர் பீறிட்டது, அவர் சாய்ந்தார். தாட்சாயணி துடைப்பத்தோடு வந்து முதல் அடியைப் போட்டாள். வழக்கம்போலவே விழுந்தது.

சாயங்காலம் தீமிதிக்கு முன்னால் கோயில் வாசலில் வாத்தியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். துரியோதனன் தொடை தொடுகிற அந்தக் கட்டம் பழைய வழக்கம்தான், நடுவில் விட்டுப்போயிருந்தது என்று அவர் கூசாமல் சொன்னார். தான் சின்ன வயதில் பார்த்திருப்பதாகக் கங்கையா சாட்சி சொன்னார். பவன்குமார் தான் எடுத்த படத்தை ஊரெல்லாம் அனுப்பி, வேஷம் மாமாவுக்கே இருக்கட்டும், அந்த அடவு எனக்கு வராது என்று சொல்லிவிட்டான். முனிகிருஷ்ணன் அடக்கமாகத் தலையைக் குனிந்து நின்றார். இவ்வளவு பெரிய பொய்யை அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடிகாலையில் துடைப்ப அடி முதுகில் எரிந்ததால் அவருக்குச் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. எப்போதும் அவர் கண் விழிக்கும்போது தாட்சாயணி அடுப்பங்கரையில் இருப்பாள். அன்று அவள் அப்போதுதான் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். அவர் விழித்திருப்பதை அவள் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள். முதல் அடி வைத்தாள். சத்தம் வராமல் உதட்டைக் கடித்தாள். குதிகால் படாமல், சுவரோடு சுவராக அடுப்பங்கரை வரைக்கும் எம்பி எம்பிப் போனாள்.

முனிகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்தார். அவளும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டே சமைக்கிறவள். இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போயிற்று?

“இன்னாமே,” என்று கூப்பிட்டார். “எத்தினி நாளா இந்த வேஷம்?”

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். மறைக்க நேரமில்லை. “நாலு வருசமா.”

“சொல்லவே இல்ல.”

“சொன்னா? நீ சோறாக்குவியா?” என்றாள். “உனக்கு வந்தப்போ ஊரக் கூட்டுன. எனக்கும் இதேதான், இதுக்குப் போயி இவ்ளோ ஆட்டமான்னு இருந்திச்சி எனக்கு. அதான் வேஷம்னு சொன்னன்.”

ஊரில் பெரிய வேஷக்காரன் தான்தான் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்தது முனிகிருஷ்ணனுக்கு வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. எழுந்து போய், அவளைப் பாயில் உட்கார வைத்து, தன்னுடைய துண்டை அவள் பாதத்தில் மாட்டி, இரண்டு முனையையும் அவள் கையில் கொடுத்தார். ரூபா சொன்னதையெல்லாம் அவள் இரண்டு தடவை ஏன் கேட்டாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

பொழுது விடிந்து, எதிர்வீட்டு ரத்தினம்மா வாசல் தெளிக்க வந்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் வெளிச்சுவரில் கையை ஊன்றி, ஆளுக்கொரு காலைப் பின்னால் நீட்டி நின்றிருந்தார்கள். ரத்தினம்மா பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

“இன்னா தாட்சி, செவுரு சாயுதா?”

“இல்லக்கா,” என்றாள் தாட்சாயணி, தலையைத் திருப்பாமல். “சாமி வழக்கம்.”

ரத்தினம்மா புடவையைச் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். முதல் இரண்டு அடி அவளும் கொஞ்சம் நொண்டித்தான் வந்தாள். அவர்களுக்குப் பக்கத்தில் சுவரில் கையை வைத்தாள்.

“முட்டிய மடக்காதக்கா,” என்றார் முனிகிருஷ்ணன்.